குப்பையோடு வந்தால் ஏறலாம்

ராஜா அண்ணாமலைபுரத்து அடுக்ககத்தில் வாட்ச்மேன் வேலையை உதறிவிட்டு நடந்துகொண்டிருந்தேன். தேனாம்பேட்டை வந்தும் கோபம் அடங்கவில்லை.

வேலைக்காரர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்பது அங்கே விதி. படிகளில் குப்பைநீர் சொட்டுகிறதென்று குடியிருப்போர் சங்கம் அதைப் பாதி நீக்கியது: குப்பையோடு வந்தால் ஏறலாம். வெறுங்கையோடு ஏறுபவர்களை இறக்கிவிடுவது என் பொறுப்பு.

ஐந்து மாடியும் பெருக்கும் அம்மாளுக்கு முழங்கால் வீக்கம். மாடிக்கு மாடி நின்று கொண்டையை அவிழ்த்து முடிவார், வலியை மறைக்கத்தான்.

"ஒரு குப்பைப் பையத் தூக்கிக்கினு லிஃப்டுல போக்கா," என்றேன்.

"குப்பைக்குக் கீற மரியாதகூட எனக்கு இல்லியா? போ நைனா," என்று படியேறினார். அன்றே வேலையை உதறினேன்.

மறுநாள் காலை திருவல்லிக்கேணி மெஸ் ஒன்றில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தேன். கோபித்துக்கொண்டு வேலையை விட என்னால் முடிந்தது. அவர் அந்நேரம் மூன்றாவது மாடியில் நின்றிருப்பார்.