அத்தை ஓட்டுக் கேட்காத தேர்தல்

எங்கள் வைபி பதவி விலகிய அன்று அவர் வீட்டில் யாராவது சாப்பிடாமல் இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அத்தை சாப்பிடவில்லை. எங்கள் பக்கம் சட்டமன்ற உறுப்பினரை வைபி என்றுதான் சொல்வார்கள். சொந்தக் காரணம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு மனிதர் போய்விட்டார் என்று அப்பா கைப்பேசியைப் பார்த்துப் படித்தார். அத்தை தட்டில் இருந்த தோசையை அப்படியே மூடி வைத்துவிட்டு வேனை எடுக்கப் போனார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் நேரம் அது.

அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்களோடுதான் இருந்தார். கூலாய்க்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்னக் குடியிருப்பு எங்களுடையது; தாமான் என்போம். தோட்டத்தை விட்டு வந்தவர்களும் செனாய் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்களும் வரிசை வீடுகளில் குடியிருந்தோம். அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் அத்தையின் வேனில்தான் தமிழ்ப்பள்ளிக்குப் போய் வந்தார்கள். பிள்ளையை நம்பிக் கொடுத்தவர்கள் ஓட்டை நம்பிக் கொடுக்க யோசிக்கவா போகிறார்கள்? அதனால் தேர்தல் என்று வந்துவிட்டால் கட்சிக்காரர்கள் முதலில் தேடி வருவது அத்தையைத்தான்.

அவர் ஓட்டுக் கேட்கும் விதமே தனி. கட்சி, கொள்கை, வேட்பாளரின் படிப்பு எதையும் வாயில் எடுக்க மாட்டார். கட்சி கொடுத்த துண்டறிக்கையை விசிறிக்கொள்வதற்கு வைத்திருப்பார். வீட்டுக்கு வீடு போய், "எனக்காகப் போடுங்க லா. நான் சொல்றேன்ல?" என்பார். அவ்வளவுதான் பிரசாரம். போன பொதுத்தேர்தலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறேன். வாக்குச்சீட்டில் யார் பெயர் இருந்ததோ தெரியாது, எங்கள் தாமானில் ஜெயித்தது அத்தைதான். என் அத்தை மாதிரி நாட்டில் வேறு யாரும் இல்லை என்று அப்போது நினைத்தேன். இன்றைக்கும் எனக்கு அதில் பெரிய சந்தேகம் இல்லை.

ஆனால் அந்த வழியில் ஒரு வில்லங்கம் இருந்தது. வைபி போனாலும் அத்தை போக முடியாது. அவர் அதே தாமானில், அதே வேனில், அதே முகங்களைத் தினமும் பார்த்தாக வேண்டும்.

இடைத்தேர்தல் அறிவித்த கையோடு எங்கள் ஊருக்கு ஒரு யோகம் வந்தது. பள்ளம் விழுந்த சாலைக்குத் தார் போட்டார்கள். கம்பத்துக்குக் கம்பம் கொடி. யார் யாரோ வந்து எங்கள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். செம்பனை மரங்களுக்கு நடுவே சாலை வளைகிற இடத்தில், எத்தனையோ மனு கொடுத்தும் வராத தெருவிளக்கு, ஒரே நாளில் வந்து நின்றது. அந்த விளக்கின் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளக் கட்சிக்காரர்கள் அத்தையைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

அதற்குக் காரணம் முனை வீட்டு மாமா. விளக்கு வருவதற்கு முன்னால் ஒரு நாள் அவர் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது, அந்த வளைவில் லாரியிலிருந்து விழுந்து கிடந்த செம்பனைக் குலை இருட்டில் தெரியாமல் அதன்மேல் ஏறிக் கவிழ்ந்தார். கால் முறிந்து இரும்புக் கம்பி வைத்தார்கள். வேலையும் போய்விட்டது. போன தேர்தலின்போது அந்த வீட்டில்தான் அத்தை, "விளக்குத்தானே? வரும். அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி ஓட்டுக் கேட்டிருந்தார். விபத்துக்குப் பிறகு முனை வீட்டு ஆன்ட்டி அத்தையோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அதுவரை இருவரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தவர்கள். ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் மறு வீட்டுக்குக் கிண்ணம் போகும்.

கட்சிக்காரர்கள் வழக்கம்போல் வீட்டுக்கு வந்தார்கள். "இந்தத் தடவையும் உங்களத்தான் நம்பியிருக்கோம் கா" என்றார்கள். "பழைய வேலை ஒண்ணு பாக்கி இருக்கு. அதை முடிக்காம புது வேலை எடுக்க மாட்டேன்" என்றார் அத்தை. அவர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்களோ, மறுநாள் ஒரு மூட்டை அரிசி வந்து இறங்கியது. அத்தை அதைக் கோயில் அன்னதானத்துக்கு அனுப்பிவிட்டார்.

அந்தப் பழைய வேலை என்ன என்பது அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். "போன தடவ நான் சொல்லித்தான் போட்டீங்க. அவரு பாதியில போயிட்டாரு. அவர உங்ககிட்ட கொண்டுவந்தது நான். என்னை மன்னிச்சிருங்க. இந்தத் தடவ நான் யாருக்காகவும் கேட்க வரல" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஜனங்களுக்கோ சிரிப்பு. "அலமாக், நீங்களா கா ராஜினாமா பண்ணீங்க?" என்று ஒருவர் கேட்டார். "பேசாம நீங்களே நின்னுடுங்க" என்றார் இன்னொருவர். எல்லோரும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. நடுவில் அப்பாவுக்குச் செய்தி போய், ஷிஃப்ட் முடிந்த களைப்போடு தெருவுக்கே வந்துவிட்டார். "அக்கா, அந்த ஆளே மன்னிப்பு கேட்கல. நீங்க என்ன வைபியா?" என்று சத்தம் போட்டார். "அவரு இங்க குடியிருக்கல தம்பி, நான் குடியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அத்தை அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

முனை வீட்டைக் கடைசியாக வைத்திருந்தார். ஆன்ட்டி கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். பூட்டைத் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வாசல்வரை வந்தவர்களை உள்ளே கூப்பிட்டு ஒரு கோப்பைத் தேத்தண்ணியாவது கலக்கிக் கொடுக்காமல் அனுப்பினால், அது முகத்தில் அறைந்த மாதிரி. அத்தை வெளியே நின்றபடியே, மற்ற வீடுகளில் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் இங்கேயும் சொன்னார்.

"லைட்டு நல்லா எரியுது. பாத்தீங்களா கா?" என்றார் ஆன்ட்டி. உள்ளே நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாமா எங்களைப் பார்க்காமல் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை தன்மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை பேசவில்லை. "சனிக்கிழமை ஓட்டுப் போடுற அன்னிக்குக் காலையில வேன் கொண்டாறேன் தங்கச்சி. தம்பி கால நீட்டிக்கிற மாதிரி சீட்டு கழட்டி வைக்கிறேன். வந்தா வாங்க" என்று மட்டும் சொன்னார். ஆன்ட்டி உள்ளே போய்விட்டார். வீடு வந்து சேரும்வரை அத்தை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்கு வலித்தது.

வாக்களிப்பு நாளன்று விடிந்ததும் அத்தை வேனின் நடு இருக்கையைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மெத்தையை மடித்துப் போட்டார். ஒரு கொடியும் கட்டவில்லை. முனை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பிள்ளைகளுக்கு அடிக்கிற ஹாரனை அங்கே அடிக்கவில்லை. எங்கள் கண்ணெதிரிலேயே ஒரு கட்சியின் கார் வந்து நின்றது. ஆன்ட்டி கையை ஆட்டி வேண்டாம் என்றார். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கட்சியின் கார் வந்தது. அதற்கும் அதே கைதான். எங்களை அவர் பார்க்கவே இல்லை. வெயில் ஏறியது. "வர மாட்டாங்க அத்தை, போலாம்" என்று நான் அனத்தினேன். எனக்கு, ஓட்டுச்சாவடி வைத்திருந்த பள்ளிக்கூட வாசலில் விற்கிற ஐஸ்கிரீம்மேல் கண். "இரு" என்றார் அத்தை. கண்ணாடியில் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை பயந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

கதவு திறந்தது. மாமா ஊன்றுகோலில் வந்தார். பின்னால் ஆன்ட்டி, இரண்டு அடையாளக் கார்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு வந்தார். அத்தை இறங்கி ஓடினார். ஒரு பக்கம் அத்தையும் மறு பக்கம் ஆன்ட்டியுமாகப் பிடித்து மாமாவை ஏற்றினார்கள். வேன் வளைவைத் தாண்டியபோது புது விளக்குக் கம்பத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூட வாசல் வந்தது. கதவைத் திறந்துவிட்டு அத்தை ஒதுங்கி நின்றார். இறங்கப் போன ஆன்ட்டி நின்று, ரொம்ப நாளைக்குப் பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்து, "யாருக்குக் கா போடுறது?" என்று கேட்டார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதோ, அத்தை பழையபடி ஒரு போடு போடப்போகிறார் என்று காத்திருந்தேன். அத்தையின் கண் கலங்கிவிட்டது. "ஒங்களுக்கு எது சரின்னு படுதோ அதுக்குப் போடுங்க தங்கச்சி. நான் சொல்ல மாட்டேன்" என்றார். ஆன்ட்டி தலையை ஆட்டிவிட்டு, மாமாவைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வலிய வந்த ஓட்டை இப்படி யாராவது கைநழுவ விடுவார்களா?

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது தெருவில் கொடிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். வெகுநாளைக்குப் பிறகு அவர் வாயில் ஏதோ பாட்டு. நான் ஓடிப்போய், "அத்தை, நாம ஜெயிச்சிட்டோமா?" என்று கேட்டேன்.

"முனை வீட்டுத் தங்கச்சி வந்து நம்ம வேன்ல ஏறுச்சே, பாத்தல்ல?" என்றார் அத்தை, முகமெல்லாம் சிரிப்பாக.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறு என்னவோ சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, அவர் முன்னால் போய் நின்றுகொண்டு, "அதில்ல அத்தை, தேர்தல்ல யாரு ஜெயிச்சாங்க?" என்று இன்னும் உரக்கக் கேட்டேன்.