டாங்கிக்குப் பொட்டு வைத்த அம்மா

நட்சத்திரங்களுக்கிடையே போர் வராது என்று நிரூபிக்க நோட்டில் பதினாறு பக்கம் எழுதி வைத்திருந்தேன். எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் வருடம். பேச்சுப் போட்டிக்குத் தலைப்பே அதுதான்: வேற்று நட்சத்திரத்து நாகரிகங்கள் சந்தித்தால் சண்டையா, சமாதானமா? நான் சமாதானக் கட்சி. ஒளியே வந்து சேர வருடக்கணக்காகிற தூரத்தை ஒரு கூட்டம் கடக்கிறதென்றால், அதற்குள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு அழியாமல் தப்பித்திருக்க வேண்டும். தப்பித்தவர்கள் ஆயுதத்தை என்றைக்கோ தலைமுழுகியிருப்பார்கள். ஆயுதத்தை நேசிப்பவர்கள் கெட்டவர்கள், கெட்டவர்களால் அவ்வளவு தூரம் வர முடியாது. அன்றைய என் தலைக்கனத்தை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இத்தனைக்கும் அப்பா ஆவடியில் ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். கல்லூரியில் யாராவது கேட்டால் "கம்பெனியில் வேலை" என்பேன். அவர் கைபட்ட பொருள் எங்கே போகிறது, போய் என்ன செய்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஆயுத பூஜையன்று குடும்பத்தையும் உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு வருடமும் பரீட்சையைச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்த நான், அந்த வருடம் அம்மாவின் பிடுங்கல் தாங்காமல் போனேன். ஷெட்டுக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. சேக்காட்டில் நாங்கள் குடியிருந்த போர்ஷன் அளவுக்கு ஒரு டாங்கி. பீரங்கிக் குழாயில் சாமந்தி மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று, சங்கிலிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். முன்னால் இலையில் பொரியும் சுண்டலும்.

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "மேல சுத்துற தலை கீது பாரும்மா, அத நான்தான் பொருத்துனேன். நூல் அளவு ஆடாது. உன் நட்சத்திரத்துக்காரன் வந்தான்னு வையி, ஒரே போடு!" என்றார். நானும் சிரித்தேன்.

அம்மா சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு முன்னே போனாள். குழாயின் வாயைச் சுற்றி, குழந்தைக்கு வைக்கிற பதத்தில், மூன்று பொட்டு வைத்தாள். ஆறு மாதமாக ஓவர்டைம் நின்றுபோய் வீடு தள்ளாடிக்கொண்டிருந்த சமயம் அது. கற்பூரம் காட்டிவிட்டு, வழக்கம்போல வாய்விட்டே வேண்டினாள்.

"தாயே, ஆர்டர் நெறைய வரணும். இது சும்மா நிக்கக் கூடாது. ஓடிக்கினே இருக்கணும்."

சுற்றியிருந்த பெண்கள் "ஆமா தாயே" என்றார்கள். நானும் கைகூப்பி "ஆமா" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இது சும்மா நிற்காமல் இருக்க வேண்டுமென்றால் எங்கே ஓட வேண்டும்? யார் மேல்? பல்லியைத் தெரியாமல் மிதித்துவிட்டு இரண்டு நாள் புலம்புகிறவள் என் அம்மா. அந்த ஷெட்டில் நான் நோட்டில் எழுதிய கெட்டவர்கள் ஒருவர்கூட இல்லை. கூப்பிய கையைப் பிரிக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

விஜயதசமி கழிந்து போட்டி. அம்மாவும் கேட்க வந்தாள். பதினாறு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு மேடையேறினேன்.

"அவர்கள் வருவார்கள். அரக்கர்களாக வர மாட்டார்கள். அவர்கள் ஊரிலும் ஒரு அம்மா ஆயுதத்துக்குப் பொட்டு வைத்து, வீட்டுக்காரருக்கு வேலை குறையக் கூடாது என்று வேண்டியிருப்பாள். நம் மேல் அவளுக்குக் கோபமே இருக்காது. நாம் இருப்பதே தெரியாது. அந்த வேண்டுதல் பலித்தால் நாம் சாவோம்."

மணி அடித்தார்கள். பரிசு கிடைக்கவில்லை. அம்மாவை நினைத்துப் பார்க்காமல் பேசிவிட்டேன் என்பது இறங்கி வரும்போதுதான் புரிந்தது.

ஆவடிக்கு மின்சார ரயிலில் திரும்பினோம். திருமுல்லைவாயல் தாண்டியதும் அம்மா கேட்டாள்.

"நா வேண்டிக்கினதால எவனோ சாவான்னு சொல்ற. அதானே?"

"உன்னச் சொல்லலம்மா." பச்சைப் பொய்.

"ஆர்டர் வராம போவட்டும்னு கேக்கவா? உங்கப்பா ஊட்டுல குந்திக்கினு கெடக்கட்டுமா?" குரலில் கோபமில்லை. அதுதான் என்னை உலுக்கியது. "நீ படிச்சவ. அடுத்த வருசம் அது முன்னாடி நின்னுகினு நா இன்னான்னு கேக்கணும், சொல்லு."

அண்ணனூர் வந்து போனது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உண்மையிலேயே பதில் வேண்டியிருந்தது.