கையில் மாட்டிய தூண்டில்

என் கணவர், குருண் என்ற ஊரில் இருக்கும் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். அங்கே மேலாளராக இருந்த வெள்ளைக்காரர் ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது, தன் பழைய பாய்மரப் படகை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். பல வருடங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரோடு போய்க் கயிறு பிடித்தவர் இவர்தான். பீடோங் ஊரில் நாங்கள் குடியிருக்கும் தாமானில் வேறு யாரிடமும் படகு கிடையாது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகனுக்கு இதெல்லாம் எதற்கு என்று என் அக்காவே கேட்டாள். எனக்கும் அதே எண்ணம்தான். படகில் ஏறினால் எனக்குக் குமட்டும்.

அந்த ஞாயிறு அவரோடு போகவேண்டிய நண்பருக்குக் காய்ச்சல். "நீ சும்மா கூட வந்து உக்காந்தா போதும்லா," என்றார். போனேன்.

தஞ்சோங் டாவாயில் ஆற்று வாயைத் தாண்டிக் கடலுக்குள் வந்ததும் பாயை ஏற்றினார். பொம்மை மீன் கட்டிய நீளமான தூண்டில் நரம்பைப் படகின் பின்னால் விட்டார். படகு ஓட ஓட அந்தப் பொம்மை உயிருள்ள மீனைப் போல நீந்தி வரும். அதன் வயிற்றிலும் வாலிலும் மும்முனைத் தூண்டில் முட்கள். படகு நேராகப் போவதற்காகச் சுக்கான் கட்டையைக் கயிற்றால் கட்டிவிட்டு, எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அப்போதுதான் நரம்பு விறைத்தது.

நல்ல காற்று. படகை நிறுத்தாமலே கையால் இழுத்தார். கையுறை போடவில்லை. தெங்கிரி மீன், என் கை நீளத்துக்கு மேல் இருக்கும். படகின் ஓரம் வந்ததும் அவர் குனிந்து பொம்மைக்குப் பக்கத்தில் நரம்பைப் பிடித்தார். மீன் ஒரு துள்ளு துள்ளியது. அவர் சத்தமே போடவில்லை. முகம் மட்டும் வெளிறிவிட்டது.

எட்டிப் பார்த்தேன். வால் பக்கத்து முள் மீனின் வாயில். வயிற்றுப் பக்கத்து முள் அவருடைய கட்டைவிரலுக்குக் கீழே சதைக்குள். மீன் பாதி தண்ணீரில் கிடந்தது. படகு ஓடுகிற வேகத்துக்கு அது பின்னால் இழுபட, கையையும் சேர்த்து இழுத்தது. மணிக்கட்டு வழியாக இரத்தம் வழிந்தது.

"படக நிறுத்தணும். சுக்கான் கயித்த அவுத்து, கட்டைய பாய் இருக்கிற பக்கம் தள்ளு."

அவிழ்த்தேன். எந்தப் பக்கம் என்று யோசிப்பதற்குள் என் கை கட்டையை மறுபக்கம் தள்ளிவிட்டது. படகு சாய்ந்து திரும்பியது. பாயின் அடியில் இருந்த நீளமான கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அடித்துக்கொண்டு போனது. அவர் குனிந்திருந்ததால் தலை தப்பியது. திரும்பிய வேகத்தில் மீன் இன்னும் பலமாக இழுக்க, அவர் முதல்முறையாக முனகினார்.

"பரவால்ல. இப்ப பாய் எந்தப் பக்கம் இருக்கு, பாரு."

"இந்தப் பக்கங்க."

"அந்தப் பக்கமே தள்ளு. மெதுவா."

தள்ளினேன். படகின் மூக்கு காற்றை நோக்கித் திரும்பியது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. வேகம் குறைந்து நின்றோம். பக்கத்தில் கிடந்த துண்டை மீனின் மேல் போட்டு இரண்டு கையாலும் அணைத்து உள்ளே தூக்கினேன். அதன் உடம்பு முழுவதும் திமிறியது. படகில் கயிறு சுற்ற வைத்திருந்த இரும்புக் கைப்பிடியால் தலையில் நான்கு அடி அடித்தேன். பிறகுதான் அடங்கியது. பிளையரால் பொம்மையை முள்ளிலிருந்து வெட்டி எடுத்தேன். முள் மட்டும் சதையிலேயே நின்றது. அதைத் தொட வேண்டாம் என்றார்.

மேற்கே வானம் கறுத்திருந்தது. அவர் சொல்லச் சொல்ல நானே பாயை இறக்கினேன். அடுத்து, படகின் பின்னால் இருந்த சிறிய என்ஜின். அதைக் கிளப்பும் கயிற்றை இழுத்தேன், பிடிக்கவில்லை. தோள் கழன்றுவிடும்போல இருந்தது. ஆறாவது முறை உறுமியது. அதற்குள் மழை வந்துவிட்டது. இவ்வளவு நேரம் கரைப் பக்கம் தெரிந்த ஜெராய் மலை காணாமல் போனது. எந்தப் பக்கம் கரை என்றே தெரியவில்லை. அவருக்கு உதடு நடுங்கியது, பேச்சும் குறைந்துவிட்டது. "தூங்காதீங்க, என்கிட்ட பேசுங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். திசைகாட்டியைப் பார்த்துக் கிழக்கே போகச் சொன்னார். திசைகாட்டியின் முள்ளை மட்டுமே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அலை ஏறி இறங்கியது. எனக்குக் குமட்டவில்லை, அதற்கு நேரமில்லை.

மழைக்குள் மீன்பிடிப் படகு ஒன்று கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே ஆற்று வாய்க்குள் நுழைந்தேன். படகுத்துறையில் கயிற்றை வாங்கிக் கட்டிய மலாய்க்காரர் என் கணவரின் கையைப் பார்த்துவிட்டு, யார் ஓட்டி வந்தது என்று கேட்டார்.

"பினி சாயா," என்றார் இவர். என் மனைவி என்று.

கிளினிக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, முள்ளை மறுபக்கமாகத் தள்ளி முனையை வெட்டி எடுத்தார்கள். ஐந்து தையல். கை நரம்புக்குச் சேதமில்லை என்று டாக்டர் சொன்னார். பிறகுதான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

தையல் பிரித்த அன்று காரில் வரும்போது, "படக வித்துரலாமா?" என்று கேட்டார். எனக்காகத்தான் கேட்டார் என்று புரிந்தது.

"விக்கிறத அப்புறம் பாக்கலாம்," என்றேன். "மொதல்ல பாய் ஏத்தறது எப்படின்னு சொல்லிக் குடுங்க."