உள்ளங்கால் பொட்டு

மெட்டுகுடா ஆஸ்பத்திரி பகவதி, குறைமாதக் குழந்தைகளின் உதட்டு நிறம் பார்த்தே இருபது வருடம் ஆக்சிஜனைக் கூட்டிக் குறைத்த நர்ஸ். பிறகு அதைத் தானாகச் செய்யும் மிஷின் வந்தது. காலில் கட்டிய சென்சாரை மிஷின் நம்பியது. மிஷினைப் பகவதி நம்பினாள்.

"சிஸ்டர், கண்ணு படாம உள்ளங்கால்ல ஒரு மைப்பொட்டு வெச்சுக்கவா?" என்று கெஞ்சினாள் குறைமாதத்தில் பிறந்த ஹர்ஷிதாவின் அம்மா.

"ஹவ், சரி, வெச்சுக்கோம்மா."

பொட்டின் மேலேயே சென்சாரைக் கட்டினாள் பகவதி. மை மறைத்ததால் சென்சார் ஆக்சிஜன் போதவில்லை என்றது. மூன்று நாள் மிஷின் கூட்டிக்கொண்டே போனது. மிஷின் இருக்கும்போது உதட்டை யார் பார்ப்பார்கள்? மிதமிஞ்சிய ஆக்சிஜன் குழந்தையின் பார்வையைப் பறித்தது.

இப்போது ஹர்ஷிதாவுக்கு மூன்று வயது. செக்கப்புக்கு வந்தால் பகவதியின் முகத்தைக் கையால் தடவிப் பார்க்கிறாள். உள்ளங்காலில் இன்றும் அம்மா வைத்த பொட்டு இருக்கிறது. பொட்டின் மேல் சென்சாரைக் கட்டியதை அந்த அம்மாவிடம் பகவதி இன்னும் சொல்லவில்லை.