பாய்க்கு அடியில் படுத்திருந்த சிலந்தி

எண்பதுகளின் நடுவில், விழுப்புரத்தில் முதல் பஸ் பிடித்து, திண்டிவனம் பக்கம் ஓமந்தூர்க் கொல்லைகளில் தினமும் சிலந்தி தேடிய பைத்தியம் நான்தான். முதுகலை விலங்கியல். நிலக்கடலைச் செடிகளுக்கிடையே உள்ளங்கை அகலத்துக்குத் துணி விரித்தாற்போல் வலை கட்டும், கடுகு அளவுச் சிலந்திதான் என் ஆய்வு. ஞாயிறன்று பேராசிரியர் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"சிலந்தியைக் காட்டினா நோட்டுல கையெழுத்து. இல்லேன்னா அடுத்த வருஷம் பார்க்கலாம்."

மூன்று வாரமாக வலைதான் கிடைத்தது. பனி பூத்த காலையில் எங்கு பார்த்தாலும் வலை, எல்லாம் காலி. "விடிந்ததும் சிலந்தி வலையைத் துறந்துவிடுகிறது" என்று கம்பீரமாக எழுதி, அடியில் சிவப்புக் கோடும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை, களையெடுத்துக்கொண்டிருந்த கொல்லைக்கார அக்கா தலையைத் தூக்கினார்.

"இன்னா சார், கம்மலைத் தொலைச்சவராட்டம் சுத்திக்கினு இருக்கீங்க?"

"சிலந்தியைக் காணோம்க்கா."

"கொக்காட்டம் நின்னுக்கினு பாத்தா எப்பிடித் தெரியும்? குந்துங்க. அது பாயை விரிச்சிட்டு, அடியில படுத்துக்கினு கெடக்குது."

குந்தி, தலையைச் சாய்த்துக் குனிந்தேன். கன்னம் மண்ணில் பட்டது. வலையின் அடிப்பக்கத்தில், தலைகீழாக, என் மூன்று வார விஞ்ஞானம் தொங்கிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் மூச்சு விட்டேன். அது சட்டென்று விழுந்து மண்ணில் மறைந்தது.

ஞாயிறு பதினோரு மணிக்குப் பேராசிரியர் வந்தார். வெள்ளை பேண்ட், கத்தி மடிப்பு. பனி காய்ந்து வலையே தெரியவில்லை. அவரைக் குந்தச் சொல்ல எனக்கு ஏது தைரியம்? கைக்குட்டையில் கட்டிவந்த முகப்பவுடரைத் தட்டினேன், வலை வெளுத்தது. சவரக் கண்ணாடியை மெல்ல அடியில் நுழைத்தேன்.

"பூச்சிக்கா இவ்ளோ அலங்காரம்?" என்றார் அக்கா.

கண்ணாடியில் சிலந்தி தெரிந்தது. அந்நேரம் பார்த்து ஒரு தத்துப்பூச்சி, வலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓடிய நூல்களில் மோதி வலையில் விழுந்தது. சிலந்தி அடியிலேயே ஓடிவந்து, வலையோடு சேர்த்துக் கடித்து, கிழித்துக் கீழே இழுத்தது.

"அடடா!"

பேராசிரியரின் இரண்டு முழங்காலும் செம்மண்ணில்.

"சாப்ட்டுட்டு கிழிசலை அதுவே தச்சுக்கும் சார்," என்றார் அக்கா.

பேராசிரியர் மண்டியிட்டபடியே என் நோட்டை வாங்கி, சிவப்புக் கோட்டு வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"யார் கண்டுபிடிச்சது?"

நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்தினார். "ரெண்டு பேரும்தான் சார். நான் பூச்சியை, அவரு குந்தறதை."

விழுப்புரம் பஸ்ஸில் இடமில்லை. நோட்டை மார்போடு அணைத்து, படிக்கட்டில் ராஜா மாதிரி குந்திக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தேன்.