ஐஸ் பெட்டியில் போன கோழிக்கால்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அப்பாவுக்கு வருத்தம் தரும் இடத்தையும் விடப் போவதில்லை.

கோழித் தோலைத் தீயில் வாட்டும் வாசனை... ஏழாம் வகுப்பு என்றாலே எனக்கு அதுதான். ஓசூர் பாகலூர் ரோட்டில் எங்கள் கறிக்கடை. லீவு நாளில் கல்லா பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் தோல் வேண்டாம் என்பதற்கு "ஸ்கின் பேடா அண்ணா" என்பார்கள். அப்பாவும் கன்னடத்திலேயே பேசிக்கொண்டு வெட்டுவார்.

ஒரு சனிக்கிழமை ஐஸ் பெட்டியோடு ஒரு அக்கா வந்தார். கடைக் கறியில் மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வகத்தில் அவருக்கு வேலை. ஒரு கால் வேண்டும் என்றார்.

கடை பேர் கெட்டுவிடுமோ என்று அப்பாவுக்குப் பயம். இருப்பதிலேயே நல்ல காலாக எடுத்து, வாட்டி, மஞ்சள் தடவி, சுடுதண்ணீரில் அலசி நீட்டினார்.

"அண்ணா, பொண்ணு பார்க்க வந்த மாதிரி ஜோடிச்சுக் குடுத்தா நான் என்னத்தப் பார்க்குறது? பலகையில கிடக்குறதக் குடுங்க."

அப்பா பலகையில் கிடந்த காலையே எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம் அக்கா வந்து மெதுவாகத்தான் சொன்னார். கிருமி இருந்தது. ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்குக் கொடுக்கும் சில மருந்துகளுக்கு அது சாகவில்லை.

"வேக வெச்சா செத்துடும்லம்மா?"

"செத்துடும்ணா. வெட்டுற கைய யாரு வேக வெக்கிறது?"

அப்பாவின் விரல்களைப் பார்த்தேன். எப்போதும் ஏதாவது ஒன்றில் வெட்டுக்காயம் இருக்கும். அன்றும் இருந்தது.

"உங்க கடைத் தப்பு இல்லண்ணா. பண்ணையிலேருந்தே வருது" என்றார் அக்கா.

எங்களுக்குக் கோழி போட்டது அம்மாவின் தம்பி, செல்வம் மாமா. பர்கூர் பக்கம் பண்ணை. அம்மா கடையில் இருக்கும்போதே அப்பா அவருக்குப் போன் போட்டார்.

"மாப்ள, கோழிக்குத் தண்ணியில மருந்து கலக்குறியா?"

"எல்லாரும்தான் கலக்குறாங்க. நோவு வர்றதுக்கு முன்னாடியே குடுத்தாத்தான் மாமா கோழி சாகாம நிக்கும்."

"நோவில்லாத கோழிக்கு எதுக்குடா?"

"எங்க அக்காவ பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் இதக் கேக்குறீங்களா?"

"நிறுத்துற வரைக்கும் உன் லோடு வேணாம்."

அம்மா வீட்டுக்கு நடந்துவிட்டாள். அந்தப் பொங்கலுக்கு மாமா வரவில்லை. அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை.

இப்போது நான் ஒன்பதாவது. வாசனை அதேதான். ஆனால் அப்பா கையில் கையுறை, தொட்டிப் பக்கத்தில் சோப்பு. கோழி கெலவரப்பள்ளி பக்கத்து வேறொரு பண்ணையிலிருந்து வருகிறது.

நோவு வந்தால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்னால்தான் மருந்து என்று மாமா மாறிவிட்டாராம். அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறார். இன்று மதியம் அவர் வண்டி மறுபடி கடை முன்னால் நின்றது. அப்பா சொல்லி வைத்திருந்த ஆய்வக அக்காவும் வந்து அந்தக் கோழியில் ஒன்றின் காலை எடுத்துக்கொண்டார்.

"மருந்த நிறுத்துனதும் கிருமி போயிடும்னு சொல்ல முடியாதுண்ணா. பார்ப்போம்."

"ரிசல்ட் வர்ற வரைக்கும் கூண்டுலயே இருக்கட்டும் மாப்ள" என்றார் அப்பா.

மாமா கோபப்படவில்லை. அம்மா கொடுத்த டீயை நின்றபடியே குடித்தார். முன்பெல்லாம் வந்ததும் என் புத்தகத்தைப் பிடுங்கி ஒளித்து வைப்பார்... இன்று "நல்லா படிக்கிறியா?" என்று மட்டும் கேட்டார், யாரோ மாதிரி.

அவர் போன பிறகு அம்மா கூண்டுக்குத் தண்ணீர் வைத்தாள். வெறும் தண்ணீர். கோழிகள் குடிப்பதைக் கொஞ்ச நேரம் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்பா கடை லைட்டை அணைத்தார்.