ஏலத்துல நான் எடுத்த கிளப்பு

எங்க ஊர் ஃபுட்பால் கிளப்பை விலைக்குக் கேட்டு ஒருத்தர் வாராருன்னு சொன்னப்ப ஒருத்தரும் நம்பல. விலை குடுத்து வாங்க அதுல என்ன இருக்கு? மூணு இடத்துல ஒட்டுப் போட்ட பந்து ஒண்ணு. நண்டு வலையைக் கட்டுன ரெண்டு கோல். பக்கத்து ஊர்க்காரன்கிட்ட ஒரு மேட்ச்சுக்குன்னு கேட்டு வாங்கி, இன்னமும் திருப்பிக் குடுக்காத பதினோரு சட்டை. அப்புறம் கோல்கீப்பரா என் வீட்டுக்காரரு.

அவரைப் பத்திச் சொல்லிடுறேன். வயசு நாப்பத்தி மூணு. நாட்டுப்படகுல தொழிலுக்குப் போறவரு. கடல்ல கையில சிக்குனதை விடவே மாட்டாரு, கரையில பந்தை மட்டும் விட்டுருவாரு. உச்சிப்புளியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் அவரு கோல் விடாத மைதானம் கிடையாது. ஞாயித்துக்கிழமையானா கோலுக்குப் பின்னால நின்னு அவரை ஏசுறதுதான் எனக்கு வேலை. நான் கருவாட்டு யாவாரி, ஏலத்துல கத்திக் கத்தித் தொண்டை பெருத்துப் போச்சு. ‘கீப்பரை மாத்துங்கப்பா’ன்னு ஊர்ல முதமுதல்ல சொன்னவளும் நான்தான்.

கிளப்புக்கு வருமானம் எப்படின்னா, கரைக்கு வாற ஒவ்வொரு படகும் ஏலத்துக்கு முன்னால ஒரு மீனைத் தனியா எடுத்து வைக்கணும். அதுக்குப் பேரு கிளப்பு மீன். இருக்கிறதுலயே நோஞ்சான் காரல் மீனாப் பாத்துத்தான் எடுத்து வைப்பாங்க, அது வேற விசயம். அதை வித்துத்தான் பந்து, வண்டி வாடகை, தோத்துட்டு வந்து தின்கிற பரோட்டா எல்லாம். இந்த வருசம் மீன்பாடு சரியில்ல. பல படகு கிளப்பு மீனை நிப்பாட்டிருச்சு. பரோட்டாவும் நின்னு போச்சு. அப்பத்தான் கிளப்பு அழியப் போகுதுன்னு எங்க ஆளுகளுக்கு உறைச்சுச்சு.

வாங்க வந்தவரு ஏர்வாடிப் பக்கத்துக்காரரு. துபாய்ல ரொம்பக் காலம் இருந்துட்டு வந்து ராமேஸ்வரத்துல லாட்ஜ் கட்டியிருக்காரு. தங்கமான மனுசன், அதைச் சொல்லியே ஆகணும். காலை ஏலம் முடிஞ்சு, ஏலக்கூடத்தைக் கழுவி விட்ட ஈரத்துல, எல்லாரும் மீன் பெட்டியைக் கவுத்துப் போட்டு உக்காந்தோம். அவருக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் சேர். புதுச் சட்டை, புது பூட்ஸ், நல்ல பந்து எல்லாம் தாரேன்னாரு. கிளப்புக்கு லாட்ஜ் பேரை வைக்கணும், சட்டை முதுகுல ‘24 மணி நேரமும் வெந்நீர் கிடைக்கும்’னு அச்சடிக்கணும்னும் சொன்னாரு.

அங்கனதான் ரகளை ஆரம்பிச்சது. பாதிப் பேரு பூட்ஸுக்கு மயங்கிட்டாங்க. மீதிப் பேருக்கு மானப் பிரச்சினை. கோல் போட்டுட்டு முதுகைக் காட்டி ஓடுறப்ப எதிர் டீம்காரன் ரூம் காலியா இருக்கான்னு கேக்க மாட்டானா? வெந்நீர்னு போட்டுட்டுத் தோத்துட்டு வந்தா ஊர் சிரிக்காதா? குளிருல ஆடுறப்ப வேணும்னா நல்லாயிருக்கும்னு ஒரு அறிவாளி சொன்னான். எங்க ஊர்ல எப்பய்யா குளிர் அடிச்சுச்சு?

மீன் வண்டி ஓட்டுற டிரைவர் ஒருத்தன் இருக்கான். வண்டி ஓட்டுற நேரம் போக மீதி நேரமெல்லாம் செல்போன்ல வெளிநாட்டு மேட்ச் பாக்குறவன். அவன் எந்திரிச்சு டேக் ஓவர், ஷேர், கடன்னு ஒரு பிரசங்கமே வச்சான். வெளிநாட்டுல ஒரு கிளப்பை இப்படித்தான் பணக்காரன் வாங்குனானாம், முதல் வருசம் கப்பு, ரெண்டாம் வருசம் மைதானமே போச்சாம். நம்ம மைதானம் கடற்கரை, அதை எவன் தூக்கிட்டுப் போவான்னு நான் கேட்டேன். அவன் சுனாமி வந்தா போகும்லன்னான். இவன் கூடவெல்லாம் என்னத்தப் பேசுறது.

ஒரு வழியா எல்லாரும் குடுத்துருவோம்னு வந்தாச்சு. எவ்வளவு தரணும்னு லாட்ஜ்காரரு கேட்டாரு. ஒருத்தனுக்கும் தெரியல. எங்க கிளப்புத் தலைவரு யாருன்னா, தினமும் மீனை ஏலம் போடுற அதே ஏலக்காரருதான். ஒரு பொருளுக்கு விலை வைக்க அந்த மனுசனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். துண்டைத் தோள்ல போட்டாரு, தொண்டையைச் செருமுனாரு, ‘கிளப்பு, கேட்டுக்கங்க’ன்னு ஆரம்பிச்சுட்டாரு. எங்களுக்கும் அது தப்பாத் தெரியல. லாட்ஜ்காரரு சிரிச்சுக்கிட்டே ஒரு தொகை சொன்னாரு.

சொல்லிட்டு, ஒரு சின்ன விசயம்னாரு. “கோல்கீப்பரை மட்டும் மாத்திக்கிருவோம். பாவம், வயசாயிருச்சு.”

அத்தனை தலையும் என் பக்கம் திரும்புச்சு. நான் ஆமாம்னு சொல்லுவேன்னு எதிர்பாத்தாங்க, எத்தனை வருசமா நானே சொன்னதுதானே. என் வீட்டுக்காரரு மூலையில பெட்டி மேல உக்காந்திருந்தாரு. நிமிந்து பாக்கல. கால் பெருவிரலால ஈரத் தரையில கோடு போட்டுக்கிட்டிருந்தாரு. எனக்குச் சுருக்குனு தச்சிருச்சு. எவன் வீட்டு ஆளை எவன் பாவம்ங்கிறது? ஏலக்காரரு ஒரு தரம், ரெண்டு தரம்னு இழுத்துக்கிட்டிருந்தாரு. மூணாவதுக்கு வாயைத் திறக்கிறப்ப, “மேல ஐநூறு” அப்படின்னேன்.

சத்தியமாச் சொல்றேன், வாய்தான் சொல்லுச்சு. லாட்ஜ்காரரு ஏத்துனாரு, நானும் ஏத்துனேன். டிரைவர் தலையில கையை வச்சுக்கிட்டான். நாலு சுத்து போச்சு. அப்புறம் அவரு கையைக் கூப்பி, அக்காவே எடுத்துக்கிறட்டும்னு விட்டுட்டாரு. மூணு தரம். முடிஞ்சுபோச்சு. ஏலத்துல கேட்டுட்டுப் பின்வாங்குனா அந்தக் கரையில பிறகு ஒரு கூடை மீன் எடுக்க முடியாது, பொழைப்பே போயிரும். பழைய ஸ்கூட்டி ஒண்ணு வாங்கச் சேத்து வச்ச காசு கிளப்புக்குப் போச்சு. நான் இன்னைக்கும் கருவாட்டு மூட்டையோட ஷேர் ஆட்டோவுலதான் போறேன்.

ஊரே என்னை மொதலாளின்னு கூப்பிட ஆரம்பிச்சுச்சு. கேலிதான், ஆனா கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. இனிமே எந்தப் பதினோரு பேரு ஆடணும்னு மொதலாளிதான் முடிவு பண்ணணும்னு தலைவரு ஒரு பேப்பரையும் பேனாவையும் குடுத்துட்டுப் போயிட்டாரு. நான் ஏலத்துல ஏன் வாயைத் திறந்தேன்னு வீட்டுக்காரரு கேக்கல. அன்னைக்கு மத்த நாளைவிடக் கொஞ்சம் கூடச் சோறு வாங்கித் தின்னாரு, அவ்வளவுதான்.

அந்த வாரம் சாயங்காலம் பயிற்சி பாக்கப் போனேன். அதுவரைக்கும் கோலுக்குப் பின்னால நின்னு பந்தைத்தான் பாத்திருக்கேன். மொதலாளியானதால ஓரமா நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. அங்கன இருந்து பாத்தாத்தான் ஆள் முழுசாத் தெரியுது. பந்துக்கு விழுந்தாருன்னா உடனே எந்திரிக்கல. முதல்ல கையை ஊண்டுறாரு. அப்புறம் ஒரு முட்டி. பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்னொரு முட்டி. அதுக்குள்ள அடுத்த பந்து உள்ள போயிருது. பத்துத் தடவை எண்ணுனேன், பத்துத் தடவையும் அப்படித்தான். வீட்டுல ஒரு நாள் முட்டி வலிக்குதுன்னு சொன்னதில்லை அந்த மனுசன்.

எல்லாரும் போன பிறகு கோல்கிட்ட போனேன். வலையில சிக்குன பாசியைப் பிச்சுப் போட்டுக்கிட்டிருந்தாரு. பேப்பரும் பேனாவும் என் கையில இருந்துச்சு, பத்துப் பேரு எழுதி, கீப்பர் இடத்தை மட்டும் விட்டு வச்சிருந்தேன்.

“இனிமே நீங்க நிக்க வேண்டாம்”னேன்.

திரும்பாமலே கேட்டாரு. “யாரு சொல்றது? பொண்டாட்டியா, மொதலாளியா?”

கையில இருந்த பேப்பரைப் பாத்துக்கிட்டே சொன்னேன். “மொதலாளி.”

“அப்பச் சரி. பொண்டாட்டி சொல்லியிருந்தா நின்னுருப்பேன்.”

கையுறையைக் கழட்டி என்கிட்ட நீட்டுனாரு. வேற ஒருத்தன் அவரை நிறுத்திரக் கூடாதுன்னுதானே சேத்து வச்ச காசையெல்லாம் கொட்டி அந்தக் கிளப்பை எடுத்தேன். கடைசியில என் கையாலேயே நிறுத்திட்டேன். அங்கனயே நின்னு ஓன்னு அழுதேன், வெக்கமே இல்லாம. அவரு சிரிச்சாரு. என் கையில இருந்த பேனாவை வாங்கி, பேப்பரை முதுகுல வச்சு எழுதணும், கொஞ்சம் குனின்னாரு. குனிஞ்சேன். என் முதுகு மேலேயே வச்சு, கீப்பர்ங்கிற இடத்துல ஐஸ் கம்பெனியில வேலை பாக்குற சின்னப் பையன் ஒருத்தன் பேரை எழுதுனாரு.